நாலரை இஞ்ச்

ஜூன் 3, திங்கள்

சிமென்ட் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்துவிட்டுப் போன டைரி. ஐந்து மாதமாக ஆபீஸ் மேஜை இழுப்பறையில் கிடந்தது. இன்றைக்குத்தான் எடுத்தேன். வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதிலாவது பேசிக்கொள்ளலாம்.

ஆபீஸில் நித்யா ஒரு வேலை செய்துவைத்திருந்தாள். விளாங்குடி மனைக்குப் பிளான் போட்டவள், சுவரை முழுக்க மனைக்கு வெளியே கொண்டுபோய் வைத்திருக்கிறாள்.

"அடியே, பக்கத்து இடத்துக்காரன் மண்ணுல சுவரு எழுப்பியிருக்கியே, அவன் சும்மா விடுவானா?"

"எல்லைக் கோட்டு மேலதான்க்கா இழுத்தேன்."

"இழுத்தது கோட்டு மேலதான். சுவரு விழுந்தது அங்கிட்டு."

திருதிருவென்று விழித்தாள். திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். கம்ப்யூட்டரில் எம்.எல். என்று அடித்து ஒரு கோடு இழுத்தால், சேர்ந்தாற்போல இரண்டு கோடு வரும். நடுவில் ஒன்பது இஞ்ச் இடைவெளி. அதுதான் சுவர். ஆனால் நாம் இழுக்கிற கோடு அந்தச் சுவரின் நடுவே ஓட வேண்டுமா, ஓரத்தில் ஓட வேண்டுமா என்று முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். ஜீரோ என்று கொடுத்தால் நடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் நாலரை, அந்தப் பக்கம் நாலரை. டாப் என்று கொடுத்தால் முழுச் சுவரும் ஒரே பக்கம் விழும். எந்தப் பக்கம் என்பது கையை மேலிருந்து கீழே இழுக்கிறோமா, கீழிருந்து மேலே இழுக்கிறோமா என்பதைப் பொறுத்தது.

"இம்புட்டு இருக்காக்கா இதுல" என்றாள். இருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துத் திரும்பப் போட்டுக் கொடுத்தேன். கழுத்து கழன்று விழுகிற மாதிரி வலி.

ஜூன் 6, வியாழன்

வீட்டைப் பிரிப்பது என்று முடிவாகிவிட்டது. மாமனார் கட்டிய வீடு. தெருவில் நின்று பார்த்தால் இடது பாதி இவருடைய அண்ணன் மூத்தாருக்கும் அவர் மனைவி விசாலாக்காவுக்கும். வலது பாதி எனக்கும் இவருக்கும். நடுவில் வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரே சுவர் எழுப்புவது. வருகிற ஆடி பிறப்பதற்குள் வேலையை ஆரம்பித்துவிட வேண்டுமாம்.

பிளான் யார் போடுவது என்று பேச்சு வந்தது. "வீட்டுலயே ஆளு இருக்கும்போது வெளிய எதுக்குப் போகணும்? மேகலா போடுவா" என்றார் இவர். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூத்தார் தலையை ஆட்டினார். விசாலாக்கா என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, "யாரு போட்டா என்ன, நடுவுல வந்தாச் சரி" என்றது.

நல்ல குடும்பம். நல்ல வேலை கொடுத்தார்கள் எனக்கு.

ஜூன் 9, ஞாயிறு

வீட்டை அளந்தேன். டேப்பின் ஒரு முனையைத் தர்ஷினி பிடித்துக்கொண்டாள். விசாலாக்கா மகள், ஏழாவது படிக்கிறாள். அக்காவுக்கு ஜவுளிக்கடை வேலை, வீடு வர ஒன்பது ஒன்பதரை ஆகிவிடும். அதனால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து இவள் என்னோடுதான். வீட்டுப்பாடம், சாப்பாடு, தூக்கம் எல்லாம். கைக்குழந்தையிலிருந்தே அப்படித்தான் பழக்கம்.

"சித்தி, சுவரு வந்துருச்சுன்னா நான் எங்கிட்டுப் படுப்பேன்?"

"உங்க பக்கம்."

"உங்க பக்கம்னா எங்கிட்டு?"

"டேப்பை நேரா பிடி" என்றேன்.

இவளுக்கென்று, எங்கள் பாதியில் வருகிற சமையற்கட்டை ஒட்டினாற்போல அவர்கள் பாதியில் இருக்கிற சாமான் அறையைக் கொடுக்கப்போகிறார்களாம். இப்போது அதற்கும் சமையற்கட்டுக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அந்த இடத்தில்தான் சுவர் வரும்.

ஜூன் 12, புதன்

நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. மாவு புளித்துப் பொங்கி வழிந்துவிட்டது.

ஜூன் 16, ஞாயிறு

சுவரைப் பற்றிப் பேச நாலு பேரும் உட்கார்ந்தோம். மூத்தார்தான் மெல்ல ஆரம்பித்தார். "நடுவுல ஒரு கதவு விட்டு வைப்பமா? அவசர ஆத்திரத்துக்கு..."

"கதவு வைக்கிறதுக்கு எதுக்குச் சுவரு?" என்றது அக்கா.

"மதினி சொல்றது சரிதான்" என்றார் இவர்.

அடுத்து கனம். நாலரை இஞ்ச் சுவர் போதும் என்றேன். தாங்கு சுவர் இல்லை, வெறும் தடுப்பு. செங்கல் பாதியாகக் குறையும், இரண்டு பக்கமும் இடம் மிச்சம். ஆபீஸில் பார்ட்டிகளுக்குச் சொல்கிற மாதிரி அழகாகச் சொன்னேன்.

"அதெல்லாம் வேண்டாம். நாலரைன்னா அங்கிட்டு இருமுனா இங்கிட்டுக் கேக்கும்" என்றார் இவர்.

நான் அளவுத்தாளை மடித்து வைத்துவிட்டேன்.

"ஒம்பதே போடட்டும்" என்றது அக்கா. இரண்டு மாதத்தில் இவரும் அக்காவும் ஒத்துப்போனது இந்த இரண்டு விஷயத்தில்தான்.

ஜூன் 19, புதன்

தர்ஷினிக்குச் சாயங்காலம் மூச்சிளைப்பு. மழைக்காற்று என்றாலே இந்தப் பிள்ளைக்கு ஆகாது. மருந்துப் புகை கொடுக்கிற மெஷினை வைத்து மாஸ்க்கைப் போட்டு மடியில் சாய்த்துக்கொண்டேன். மூச்சு ஒரு நிலைக்கு வந்ததும் அப்படியே தூங்கிவிட்டாள். அக்கா கடையிலிருந்து வந்து வாசற்படியில் செருப்போடு நின்றது.

"எழுப்பட்டுமாக்கா?"

"வேணாம்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டது. எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது. ஆனாலும் அசையவில்லை.

இந்தப் பிள்ளை இருமிக்கொண்டு எழுந்திருக்காது. முதலில் மூச்சு மட்டும் மாறும். அது பழகின காதுக்குத்தான் தெரியும். அக்கா நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அடித்துப்போட்ட மாதிரி தூங்குகிறவள். சரி, எனக்கென்ன. அவரவர் பிள்ளையை அவரவர் பார்த்துக்கொள்வார்கள்.

ஜூன் 22, சனி

ஏப்ரலில் நடந்ததை எழுதவே கூடாது என்றிருந்தேன். எழுதித் தொலைக்கிறேன்.

அன்றைக்கு இளைப்பு ரொம்ப முற்றி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். உதடெல்லாம் நீலம் பாரித்துக் கிடந்தது பிள்ளை. நர்ஸ் கேட்டது, "நீங்க அம்மாவா?" என்று. "ஆமா" என்றேன். அந்த நேரத்தில் நின்று உறவுமுறையை விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? எனக்குப் பின்னாலேயே கடைச் சேலையோடு அக்கா வந்து நின்றிருந்தது எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அக்கா வாயைத் திறக்கவில்லை. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்குத்தான் திறந்தது. "பெத்தவ நான் உசுரோடதான இருக்கேன்? உனக்குன்னு ஒண்ணு இருந்திருந்தா, அடுத்தவ பிள்ளைக்கு அம்மான்னு சொல்ல உனக்கு வாய் வருமா?"

நான் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். விளக்கி முடித்தேன். ஆனால் இவர் காதில் விழுந்துவிட்டது. நேராக அண்ணன் சட்டையைப் பிடித்தார். பெண்கள் பேச்சு ஆண்கள் பேச்சானது. அது வாய்ச்சண்டையானது, பாகப்பிரிவினையானது, இப்போது ஒன்பது இஞ்ச் சுவராகி நிற்கிறது.

நான் சொன்னது ஒரே ஒரு "ஆமா". கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். அதில் என்ன தப்பு என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

ஜூன் 27, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எங்கள் வீட்டைப் போட ஆரம்பித்தேன். ஊரார் வீடு எத்தனையோ போட்டிருக்கிறேன். சொந்த வீட்டைப் போட இவ்வளவு நேரமாகும் என்று நினைக்கவில்லை.

நடுக்கோட்டை இழுத்து ஜீரோவில் சுவரை வைத்தேன். இரண்டு பக்கமும் சரிபாதி. சாமான் அறையின் அகலத்துக்கு அளவு போட்டேன். பூச்சு போக ஆறடி இரண்டு இஞ்ச் வந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்த் தர்ஷினியின் கட்டிலை அளந்தேன். எதற்கு அளந்தேன் என்று தெரியவில்லை. ஆறடி மூன்று இஞ்ச்.

"கட்டிலை எதுக்குச் சித்தி அளக்குற?" என்றாள்.

"சும்மாதான். போய்ப் படி."

ஜூன் 28, வெள்ளி

ஒரே ஒரு இஞ்ச். கட்டிலை நீளவாக்கில் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், கம்ப்யூட்டரில்தான். கதவு பாதிதான் திறக்கிறது. மூலைக்கு மூலை போட்டால் நடக்க இடமில்லை.

அக்காவிடம் சாடைமாடையாகக் கேட்டேன். "அந்த ரூம்புல கட்டில் கொள்ளுமாக்கா?"

"கொள்ளாட்டி வித்துட்டு, தரையில பாய் போட்டுக்கிடட்டும். எல்லாரும் கட்டில்லயா படுக்குறோம்?"

சிமென்ட் தரை. மழைக்காலம். இளைக்கிற பிள்ளை. எடுத்துச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை இருக்கிறது?

இவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். அண்ணன் பக்கம் ஒரு அங்குலம் விடுவதற்குப் பதில் அவர் உசிரையே விட்டுவிடுவார். சொல்லவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பிளான் முடிந்தது.

பிரிண்ட் எடுக்கும்போது நித்யா எட்டிப் பார்த்தாள். "அக்கா, நடுச் சுவரு டாப்ல கெடக்கு. மொத்தமும் உங்க பக்கம் விழுந்திருக்கு. ஜீரோவுலல்ல போடணும்?"

"இருக்கட்டும்."

"இல்லக்கா, நீங்கதான அன்னைக்குச் சொன்னீக..."

"இருக்கட்டும்னேன்ல?"

பாவம், முகம் சுருங்கிவிட்டது. அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான், அதற்கும் திட்டு வாங்கினாள். நாளைக்கு ஒரு வடை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

ஜூலை 3, புதன்

பிளானை இவரும் மூத்தாரும் பார்த்தார்கள். பார்த்தார்கள் என்று சொல்லக்கூடாது. கையெழுத்து எங்கே போடுவது என்று கேட்டார்கள். போட்டார்கள்.

ஜூலை 12, வெள்ளி

செல்லையா கொத்தனார் நூல் பிடித்து, தரையைக் கொத்தி, வேலையை ஆரம்பித்துவிட்டார். பிளானைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ளபடி ஒரு நூல் பிசகாமல் கட்டுகிற ஆள். ஆடிக்கு முன்னால் ஆரம்பித்தாயிற்று என்று எல்லோருக்கும் நிம்மதி. வீடெல்லாம் செங்கல் தூசி. தர்ஷினியைப் பொழுது சாயும் வரை நித்யா வீட்டுக்கு அனுப்பிவைத்தேன்.



ஜூலை 14, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் இவர் சமையற்கட்டில் புது அலமாரி வைக்கலாமா என்று பார்க்க டேப்பை எடுத்தார். அளந்தார். பழைய அளவைத் துண்டுத்தாளில் பார்த்தார். மறுபடி அளந்தார். சுவர் முட்டளவுக்கு எழும்பியிருந்தது. அதற்கு மேலாகக் கத்தினார்.

"அண்ணே! வெளிய வாங்க! நூலைத் தள்ளிப் பிடிக்கச் சொன்னது யாரு? நாலரை இஞ்ச் எங்க பக்கம் ஏறி வந்திருக்கீக!"

மூத்தார் சோப்பு நுரை முகத்தோடு வந்தார். "யாருடா ஏறுனது? பிளான் போட்டது உன் பொண்டாட்டிடா!"

செல்லையா கொத்தனார் பிளானை விரித்துக் காட்டினார். இவர் அதையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"என்னடி இது?"

"கம்ப்யூட்டர்ல மாறிப்போச்சு" என்றேன்.

"மாறிப்போச்சா? ஊரு உலகத்துக்கெல்லாம் தப்பில்லாம போடுவ. நம்ம வீட்டுக்குன்னா மட்டும் மாறிப்போகுமா? கொத்தனாரே, இடிங்க! இந்தச் சுவரை இப்பவே இடிங்க!"

கொத்தனார் சட்டியைக் கீழே வைத்தார். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். வந்தால் அக்கா மறுபடி கேட்கும், உனக்கு என்ன பாத்தியதை என்று. நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிட்டு எம்புட்டு ஏறியிருக்குன்னு அளந்து காட்டுறேன், இருங்க" என்று இவர் டேப்போடு அவர்கள் பக்கம் போனார். ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் பக்கம் கால் வைப்பது இன்றைக்குத்தான். கட்டுகிற சுவருக்கு மேலாக எனக்கு எல்லாம் தெரிந்தது. சாமான் அறையில் கட்டிலை நிமிர்த்திச் சாத்தியிருந்தார்கள். தர்ஷினி அங்கே நின்றாள்.

"சித்தப்பா, ஒரு பக்கம் நான் பிடிக்கட்டுமா?"

இவர் முனையை அவளிடம் கொடுத்தார். அறையை அளந்தார்.

"கட்டிலையும் அளக்கணும் சித்தப்பா. சித்தி அன்னைக்கு அதையும் அளந்துச்சு."

இவர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். அப்புறம் கட்டிலுக்கு டேப்பை வைத்தார். படித்தார். கையில் இருந்த துண்டுத்தாளில் ஏதோ கழித்துப் பார்த்தார். ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் நிற்கிற மனுசன், எது எதில் பொருந்தும் பொருந்தாது என்று அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. டேப்பைச் சுருட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

வெளியே வந்து, "கொத்தனாரே, அப்பிடியே கட்டுங்க" என்றார்.

"இடிக்கச் சொன்னீக?"

"பிளான்ல உள்ளபடி கட்டுங்கன்னேன்."

மூத்தாருக்கு ஒன்றும் புரியவில்லை. நுரை காய்ந்துபோன முகத்தோடு உள்ளே போனார். அக்கா மட்டும் போகவில்லை. அந்த அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்று கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தது.

இவர் சாப்பிடும்போது என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "உன் கம்ப்யூட்டருக்குக் கூறு கெட்டுப்போச்சு." ரசம் கேட்டார். ஊற்றினேன்.

ஜூலை 18, வியாழன்

சுவர் தோள் மட்டம். ஆபீஸில் விளாங்குடி பார்ட்டி மாடிப்படியை மாற்றச் சொல்கிறார், நாலாவது தடவை.

ஜூலை 20, சனி

இன்றைக்கு மேலே கொஞ்சம் இடைவெளிதான் பாக்கி. ஸ்டூலில் ஏறி, புகை மெஷினை அந்த வழியாகக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அக்காவும் எதன் மேலோ ஏறி நின்று வாங்கியது.

"மருந்தை ஊத்துனதும் மூடியை இறுக்கித் திருகணும்க்கா. மாஸ்க்கைக் கழுவித்தான் வைக்கணும்."

"எனக்குத் தெரியாதா?"

"தெரியும்."

இறங்கப் போனேன். "மேகலா" என்று கூப்பிட்டது. "எதுவரைக்கும் வைக்கணும்?"

"புகை நிக்கிற வரைக்கும். முதுகைத் தடவிக்கிட்டே இருக்கணும். இல்லாட்டி மாஸ்க்கைப் பிடுங்கிருவா."

"சரி."

கண் மட்டும்தான் தெரிந்தது எனக்கு. அந்தக் கண்ணில் கோபம் இல்லை. சாயங்காலத்துக்குள் கொத்தனார் அடைத்துவிட்டார்.

ஜூலை 23, செவ்வாய்

நல்ல சுவர். ஒன்றுமே கேட்கவில்லை. டி.வி. சத்தம்கூடக் கேட்கவில்லை.

ஹாலில் புழுக்கமாக இருக்கிறது. இனிமேல் சமையற்கட்டில் படுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். "ஹால்ல ஃபேன் ஓடுது. இங்க என்ன காத்து வருதுன்னு படுக்குற?" என்று இவர் கேட்டார். கேட்டுவிட்டு, அவரே மேஜை ஃபேனைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ஜூலை 25, வியாழன்

தூக்கமில்லை. ஆபீஸில் கண் எரிகிறது. காதைச் சுவரில் வைத்துப் பார்த்தேன், செங்கல்லுக்கு என்ன தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது. அவள் மூச்சு மாறினால் இந்த வீட்டில் யாருக்குக் கேட்கும்?

இதை எழுதுவதற்கு வெட்கமாகவும் இருக்கிறது. எழுதியாயிற்று, கிடக்கட்டும்.

ஜூலை 28, ஞாயிறு

பூச்சு காய்ந்துவிட்டதென்று அந்தப் பக்கம் இன்றைக்குச் சாமான் ஏற்றினார்கள். நான் புளிக்குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். சுவரில் டொக்கென்று ஒரு சத்தம். அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். மறுபடி டொக், டொக்.

கொஞ்ச நேரத்தில் தர்ஷினி தெருவைச் சுற்றிக்கொண்டு எங்கள் வாசல் வழியாக ஓடிவந்தாள்.

"சித்தி, கேட்டுச்சா?"

"என்னடி அது?"

"கட்டில்! கொண்டுபோட்டோம்ல. உள்ள அழகா உக்காந்துருச்சு. நான் மேல உக்காந்து ஆட்டுனேன். கேட்டுச்சா கேக்கலையா?"

"கேட்டுச்சு."

"அந்தப் பக்கம் தள்ளிப் போட எடம் இருக்கேம்மான்னு நான் சொன்னேன். அம்மாதான் வேணாம், இந்தச் சுவத்தோட ஒட்டிப் போடுன்னுச்சு. எளைப்பு வந்தா நான் பொரண்டுக்கிட்டே இருப்பேன்ல, அப்பக் கட்டில் ஆடும். ஆடுனா சுவத்துல இடிக்கும். கேக்க வேண்டியவளுக்குக் கேக்கட்டும்னுச்சு."

பிள்ளைக்கு முன்னால் அழக்கூடாதென்று குழம்பைக் கிண்டினேன், அணைத்த அடுப்பில்.

"யாருக்குச் சித்தி கேக்கணும்?" என்றாள்.

"எனக்குத்தான்" என்றேன். கிண்ணத்தில் குழம்பை ஊற்றி, அம்மாவிடம் கொடு என்று அனுப்பினேன். ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டுபோனாளாம், அக்கா வாங்கி வைத்துக்கொண்டதாம்.

இத்தனை நாளும் அடுப்புப் பக்கம் தலை வைத்துப் படுத்தேன். இன்றைக்குப் பாயைத் திருப்பி, சுவரை ஒட்டி விரித்திருக்கிறேன்.